பல முகவர் நிரல்கள் கூடித் தீர்ப்பதால் ஆதாயம் உண்டா?

மருதன்:
தாமாக முடிவெடுத்து இயங்கும் கணினி நிரல்களான முகவர் நிரல்கள் பலவற்றை ஒன்றோடொன்று உரையாடவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புவோர், 1970-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட சொல்தொகுதிக்குள் அமையும் தொடர்பேச்சைக் கணினி புரிந்துகொள்வதே இலக்கு. ஹியர்சே-2 என்ற நிரல், அசை, சொல், தொடர் ஆகியவற்றுக்குத் தனித்தனி அறிவுக்கூறுகளை வைத்து, அவை தம் ஊகங்களைப் பொதுக் கரும்பலகை ஒன்றில் எழுதிக் கூட்டாக விடை காணச் செய்தது. அங்கேயே உருவான ஹார்பி என்ற நிரலோ அத்தனை அறிவையும் முன்கூட்டியே ஒரே வலைப்பின்னலாகத் தொகுத்து, அதற்குள் தேடியது. 1976-இல் துல்லியத்தில் முந்தியது ஹார்பிதான்.

அருவி:
முந்தியது உண்மை. ஆனால், இலக்கணத்தில் ஒரு விதி மாறினாலும் ஹார்பியின் வலைப்பின்னலை மீண்டும் தொகுத்தாக வேண்டும். ஹியர்சேயில், வாக்கியத்தின் நடுவே ஒரு சொல் தெளிவாகக் கிடைத்துவிட்டால், அதன் இருபுறமும் எச்சொற்கள் வரக்கூடும் என்று தொடரியல் கூறு பலகையில் எழுதும். அந்த ஊகம் ஒலியோடு பொருந்துகிறதா என்பதை இன்னொரு கூறு சரிபார்க்கும். ஒன்றின் உள்ளமைப்பை மற்றொன்று அறிய வேண்டியதே இல்லை. ஹார்பி இடமிருந்து வலமாகவே நகர்ந்தது.

மருதன்:
ஹியர்சேயில் அடுத்து எக்கூறு இயங்க வேண்டும் என்று தீர்மானித்தது ஒரு மைய ஒழுங்கமைப்பான்தானே, அருவி? அதைக் கூட்டுறவு என்பது சற்று மிகை.

செழியன்:
தரவு ஓரிடத்தில் குவிந்திருப்பதாகவே இருவரும் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட கான்ட்ராக்ட் நெட் நெறிமுறை, பல இடங்களில் சிதறிக் கிடக்கும் உணரிகள் போன்ற சூழல்களுக்கும் ஏற்றது. பணியை வைத்திருக்கும் நிரல் அறிவிப்பு விடும். தகுதியுள்ளவை ஒப்பந்தப்புள்ளி அனுப்பும். பணியைப் பெற்றது அதைப் பிரித்துத் தானே உள்ளொப்பந்தமும் விடலாம். மேலாளர் என்று நிலையான ஒருவர் இல்லை.

மருதன்:
அங்கும் ஓட்டை உண்டு. திறன்மிக்க நிரல் சிறிய பணியொன்றை ஏற்றுக்கொண்ட மறுநொடியே அதற்கு மட்டுமே பொருந்தும் பெரிய பணி அறிவிக்கப்பட்டால் என்ன ஆகும்? அறிவித்தவருக்கும் முழுப்படம் தெரியாது. ஒப்பந்தப்புள்ளி தந்தவருக்கும் தெரியாது.

செழியன்:
அதற்காகவே 1990-களில் ஆய்வாளர்கள் சாண்ட்ஹோமும் லெஸ்ஸரும், குறித்த அபராதத்தைச் செலுத்திவிட்டு இரு தரப்பில் எதுவும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். சேதிகள் பெருகும் என்பீர்கள்; பெருகட்டும். ஒவ்வோர் உணரியின் மூலத்தரவையும் நொடிதோறும் மையத்துக்கு அனுப்பும் செலவோடு அதை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். ஹார்பிக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. அது கேட்டது ஓர் ஒலிவாங்கியிலிருந்துதான்.