விகாஸ்புரி மையத்துப் பிள்ளைகள்: போய் வந்தவர்கள் சொன்னது

துவாரகா செக்டர் 6

டில்லி ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். அங்கிருந்து விகாஸ்புரி கூப்பிடு தூரம். அந்தச் சந்துகளில் மியான்மரின் சின் மாநிலத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் பல வருஷமாக வாடகைக்கு இருக்கின்றன என்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். ஆப்கானிஸ்தான், சோமாலியாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்காக நடக்கிற இளைஞர் மையத்தில் சனிக்கிழமைகளில் உதவி செய்யப் பெயர் கொடுத்திருக்கிறேன். அறிமுக வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பிள்ளையாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகச் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எனக்கு இது ஒட்டவில்லை. மனதில் கிடப்பதைக் கொட்டினால்தானே பாரம் குறையும்? கேரம், பாட்டு, கணக்கு டியூஷன் இதையெல்லாம் வைத்துக்கொண்டு போரைப் பார்த்த பிள்ளையை எப்படித் தேற்ற முடியும்? போய் வந்தவர்கள் இருந்தால் பார்த்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், ப்ளீஸ்.

ஜனக்புரி கணக்கு மாமி

அறிவுரை சொல்லாம இருக்க ஒரு டீச்சரால முடியாதும்மா. முயற்சி பண்றேன்.

ரிடையர் ஆனதும் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். என் ஹிந்தி லட்சணம் தெரிஞ்சவாளுக்குத் தெரியும். டில்லியில இத்தனை காலம் குப்பை கொட்டியும் எது ஆண்பால், எது பெண்பால்னு இன்னும் பிடிபடலை. ஒரு நாள் 'என் புத்தகம்'ங்கறதுக்கு 'மேரா கிதாப்'னேன். பின் வரிசைலேர்ந்து ஒரு சின் பொண்ணு, ஊர்லேர்ந்து வந்து வருஷம்கூட ஆகலை, 'ஆன்ட்டி, மேரி'ங்கறா! வகுப்பே சிரிச்சுது. அதுக்கப்புறம் வேணும்னே நாலு தப்பு விடுவேன். டீச்சரைத் திருத்தற பிள்ளைக்கு எப்படி முதுகு நிமிர்றதுன்னு பார்க்கணுமே.

ஜனவரி மாசம்தான் அங்கே கஷ்டம். குடியரசு தின ஒத்திகைக்கு விமானப்படை விமானமும் ஹெலிகாப்டரும் தாழப் பறக்கும். நமக்கு வேடிக்கை, மொட்டை மாடிக்கு ஓடுவோம். 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கப்புறம் சின் மாநிலத்து ஊர்கள் மேல ஆகாயத்திலேர்ந்து குண்டு போட்டிருக்கா. அங்கேர்ந்து வந்த பிள்ளைக்கு இந்தச் சத்தம் வேடிக்கையா இருக்குமா? மையத்து ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே பலகையில எழுதிப் போட்டுடுவா: நாளைக்குக் காலம்பற விமானம் வரும், அணிவகுப்புக்காக வரது, கொஞ்ச நேரத்துல போயிடும். அவாவா பாஷையில சொல்ல வைப்பா. சத்தம் வரப்போ மேஜைக்கு அடியில போகணும்னு தோணற பிள்ளை போகலாம். யாரும் இழுக்கப்படாது, சிரிக்கப்படாது.

ஒரு பையன் போவான். சத்தம் நின்னதும் வெளியில வந்து, விட்ட இடத்திலேர்ந்து வகுத்தல் கணக்கைத் தொடருவான். அடுத்த வருஷம் அவனே சின்னதுகளுக்கு 'பரேட் கா ஹை, பரேட் கா ஹை'னு சொல்லிண்டிருந்தான். அப்போ மேஜைக்கு அடியில போகலையான்னு கேட்பே. போனான். சொல்லிண்டேதான் போனான்.

இந்த ஒரே ஒரு அறிவுரையைப் பொறுத்துக்கோ. சனிக்கிழமைன்னா சனிக்கிழமை போகணும். முடியாதுன்னா முந்தின வாரமே சொல்லிடணும். 'வரேன்'னு சொல்லிட்டு வராம போனவாளை அதுகள் ஏற்கனவே நிறையப் பார்த்தாச்சு.

கேரம் அண்ணா, உத்தம் நகர்

மேடம் கேட்டதுக்கு நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன்.

ஒரு கம்பெனிக்காரங்க, பேரு வேண்டாம், ஸ்கூல் பை கொடுக்க வந்தாங்க. ஒரே மாதிரி டி-ஷர்ட், பேனர், கேமரா. அதுல ஒருத்தர் ஒரு பையனைப் பக்கத்துல உட்கார வெச்சு, உங்க ஊர்ல என்னப்பா நடந்துச்சுன்னு ஹிந்தியில கேட்டார். பையன் சொன்னான். எந்த வருஷம், எந்தக் கிராமம், எத்தனை மணிக்கு வந்தாங்க, நாங்க எந்தப் பக்கம் ஓடினோம், யார் கூட வரலை... எல்லாம் வரிசையா, ஒரு இடத்துலகூடத் தடுக்கலை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேட்டவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பையன் அவரையே பார்த்துட்டு, 'நீலக் கலர் பை இருக்கா?'ன்னு கேட்டான்.

அப்புறம் ஒருங்கிணைப்பாளர் மேடம் எனக்கு விளக்கினாங்க. அகதிகள் பத்தின 1951 ஒப்பந்தத்துல இந்தியா சேரலை. இந்தப் பிள்ளைங்க குடும்பத்துக்கு அகதி அட்டை கொடுக்கறது ஐ.நா. அகதிகள் ஆணையம், ஆபீஸ் வசந்த் விஹார்ல. அட்டை சும்மா வராது. நேர்காணலுக்குப் போகணும், நடந்ததை முதல்லேருந்து சொல்லணும், தேதி மாறக் கூடாது, அம்மா சொல்றதும் அப்பா சொல்றதும் ஒத்துப்போகணும். வீட்டுல ராத்திரி பகலா அதே பேச்சு. பிள்ளைக்கு மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்? கதையைச் சொன்னா காகிதம் கிடைக்கும், சில சமயம் பையும் கிடைக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. கதை கேட்காத ஒரு இடமாவது இந்த ஊர்ல இருக்கட்டுமேன்னுதான் இந்த மையத்தை நடத்துறோம்னாங்க.

கொட்டினா பாரம் குறையும்னு சொன்னீங்க. கேட்ட இடத்துல எல்லாம் கொட்டிட்டுத்தான் மேடம் இருக்காங்க.

உளவியல் மாணவி, முகர்ஜி நகர்

அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். 'பேசவே கூடாது' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துயரம் நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட நெருக்கடிக்கால மனநல வழிகாட்டியில் ஒரு பிரமிடு படம் உண்டு. அடித்தட்டில் பாதுகாப்பும் சாப்பாடும் இருப்பிடமும். அதற்கு மேல் குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம். அதற்கும் மேலே பயிற்சி பெற்றவர்கள் தரும் ஆதரவு. மனநல மருத்துவர் உச்சியில், கொஞ்சம் பேருக்கு. நீங்கள் போகப்போகும் மையம் இரண்டாவது தட்டு. அதன் வேலை ஒழுங்கான ஒரு நாளைத் திரும்பக் கொடுப்பது.

பிள்ளை தூங்குவதில்லை, படுக்கையை நனைக்கிறது, பேச்சே நின்றுவிட்டது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்று பார்த்தால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. பேச வைக்கத் தெரிந்தவர்கள் அதற்கென்று இருக்கிறார்கள். அது வாரக்கணக்கில், முறைப்படி நடக்கும்.

இன்னொன்று. 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39-வது பிரிவு, போரில் பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனதாலும் மீள அரசுகள் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. 31-வது பிரிவு விளையாட்டு உரிமை. இந்த உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. ஆகவே கேரம் போர்டை அவ்வளவு இளக்காரமாகச் சொல்லாதீர்கள்.

லட்சுமிபாய் நகர்

எல்லாம் சரி. ஜங்புரா மதராஸி கேம்ப்பை 2025 ஜூன்ல இடிச்சாங்களே, நம்ம தமிழ்ப் பிள்ளைங்க. வீடு கிடைச்சவங்களும் நரேலாவுக்குப் போனாங்க, ஊரோட அந்தக் கோடி. பள்ளிக்கூடம் இங்க, வீடு அங்க. அவங்களைத் தேத்த இங்கேயிருந்து எத்தனை பேர் போனீங்க? பர்மாக்காரப் பிள்ளைக்குக் கேரம், நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?

மயூர் விஹார் ஃபேஸ் 1

கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் பிள்ளையையும் அந்தப் பிள்ளையையும் ஏன் மோதவிடுகிறீர்கள்? நரேலாவுக்குப் போக ஆள் சேர்த்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் பிறந்தவன். அம்மா அப்பா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். 'அகதிகள் முகாம்' என்றுதான் என் சான்றிதழ்களில் முகவரி இருக்கும். மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயரை மாற்றியது 2021-ல்தான். முகாமில் மாலை வகுப்பு நடக்கும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து படிப்பு, படிப்பு என்று நின்றது. சொல்லிக்கொடுப்பவர் முகாமிலேயே பட்டம் முடித்த ஓர் அண்ணன். தகரக் கூரை, மின்சாரம் போனால் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு நாளும் அவர் எங்களிடம் மன்னாரைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவரும் அதே கடலைத் தாண்டி வந்தவர். ஆங்கில இலக்கணத்தில் மட்டும் அவரிடம் இரக்கமே கிடையாது. அந்த இரக்கமில்லாமை எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வெளியே போனால் எல்லோரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். அங்கே மட்டும் 'ஏன் வீட்டுப்பாடம் எழுதவில்லை?'

மைதான் கடி, மட்டக்களப்புப் பிள்ளை

சார்க் நாடுகள் சேர்ந்து நடத்திற பல்கலைக்கழகத்தில படிக்கிறன். நானும் இந்த மையத்துக்குப் போறனான்.

எங்கட ஊரில 1990க்குப் பிறகு தமிழாக்களும் முஸ்லிம் ஆக்களும் ஒருத்தற்ற ஊருக்குள்ள ஒருத்தர் போகப் பயந்த காலம். ரெண்டு பக்கமும் அவ்வளவு சாவு. 1996இல கனடாக்கார ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினவை. ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில வருவாங்கள். களிமண், சாயம், கதை, நாடகம், செடி கொடி. உனக்கு என்ன நடந்தது எண்டு கேட்டு எழுதிற வேலை அங்க இல்லை. பிள்ளை தானாக் கீறிற படத்தில வந்தா வரட்டும்.

எங்கட அக்கா போனவ. வீட்ட வந்து சண்டையைப் பத்தி ஒண்டும் கதைக்கேல்ல. தான் செய்த களிமண் யானையின்ர தும்பிக்கையை ஒரு முஸ்லிம் பெடியன் உடைச்சுப்போட்டான் எண்டுதான் அழுகை. அடுத்த கிழமை அவன் புதுத் தும்பிக்கை செய்து ஒட்டிக் குடுத்தவனாம், அதுவும் கோணலாம், அதுக்கும் ஒரு கோவம். அம்மா இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பா: 'ஊர்ச் சண்டை போய், பிள்ளைச் சண்டை வந்தது எண்டு நான் நேர்த்தி வைக்காத குறை.'

விகாஸ்புரியில நான் முதல் தேடினது அதைத்தான். ஆப்கானிஸ்தான்ர ரெண்டு வேற இனத்துப் பிள்ளையள், ஹசாரா வீட்டுப் பெடியன் ஒருத்தனும் பஷ்தூன் வீட்டுப் பெடியன் ஒருத்தனும் தொடக்கத்தில ஒரே வாங்கில இருக்கமாட்டினம். போன தரம் போகேக்க, கம்ப்யூட்டர் எலிக்காக ரெண்டு பேரும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தவை. ஒருங்கிணைப்பாளர் தடுக்கேல்ல, நேரம் மட்டும் பார்த்துக்கொண்டு நிண்டவ.

கரோல் பாக்

பட்டம்னா எனக்கு ஆபீஸ், வீடு எல்லாம் மறந்துடும். டில்லியில வளர்ந்தவங்களுக்குத் தெரியும், ஆகஸ்ட் 15 அன்னைக்கு மாடிக்கு மாடி பட்டம். 2022-ல மையத்து மாடியில பிள்ளைகளோட விடலாம்னு கேட்டேன். சீன மாஞ்சா கூடாது, அது டில்லியில தடை, வெறும் பருத்தி நூல்தான்னாங்க. சரின்னேன். அதுக்கப்புறம் தேதியைப் பத்திச் சொன்னாங்க. காபூல் தாலிபான் கைக்குப் போனது 2021 ஆகஸ்ட் 15. ஊரெல்லாம் பட்டம் விடற நாள், ஆப்கான் வீடுகள்ல இழவு நாள் மாதிரி. அதனால வீடு வீடாப் போய்க் கேட்டாங்க. சிலர் அனுப்ப மாட்டோம்னாங்க. சிலர், வீட்டுல உட்கார்ந்து அதே வீடியோவைப் பார்க்கறதுக்கு அங்கேயாவது போகட்டும்னாங்க.

ஒரு அப்பா பையனை விட்டுட்டுப் போக வந்தார். திலக் நகர் பக்கம் ரொட்டிக் கடையில வேலை. நான் பட்டத்துக்குச் சூத்திரக் கயிறு கட்டறதைக் கதவோரமா நின்னு பார்த்தார். பார்க்கச் சகிக்கலை போல. வாங்கிப் பிரிச்சுத் திரும்பக் கட்டினார். அப்படியே ஏத்தவும் ஏத்திட்டார். அவங்க ஊர்ல பட்டம் ரெண்டு பேர் வேலையாம், ஒருத்தர் விடுவார், ஒருத்தர் உருளையைப் பிடிப்பார். பக்கத்துல நின்னது ஒரு சின் பொண்ணு, பன்னிரண்டு பதிமூணு இருக்கும். உருளை அவ கையில. இவர் தாரி மொழியில கத்தறார், விடு விடுன்னோ, பிடி பிடின்னோ. அவளும் அவ பாஷையில பதிலுக்குக் கத்தறா. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலை. எதிர் மாடிக்காரன் பட்டம் அறுந்து போச்சு! 'வோ காட்டா'ன்னு மாடியே அலறுது.

பையன் தண்ணித் தொட்டியில சாஞ்சு உட்கார்ந்திருந்தான். என்கிட்ட ஹிந்தியில சொன்னான்: 'அப்பா கத்தறாரு, ஆனா கோபம் இல்லை.' அதைப் புது விஷயம் மாதிரி சொன்னான்.

சாயந்திரம் டீ குடிக்கறப்போ அவராப் பேச ஆரம்பிச்சார். முதல் தாலிபான் ஆட்சியில, 1996-லேருந்து 2001 வரைக்கும், பட்டத்துக்குத் தடை. அவர் அப்ப சின்னப் பையன். அவங்க மாமா பட்டத்தை மடிக்காம அரிசி மூட்டைகளுக்கு நடுவுல சொருகி வெப்பாராம். அதுலேருந்து பேச்சு போன வருஷத்துக்கு வந்தது, விமான நிலையத்துக்கு வந்தது. நாங்க யாரும் கேட்கலை. அந்தச் சின் பொண்ணு மட்டும் ரெண்டாவது பட்டத்தை எப்ப ஏத்தப் போறோம்னு குறுக்கே கேட்டுக்கிட்டே இருந்தா.

கேரம் அண்ணா, உத்தம் நகர்

துவாரகா மேடம், நடைமுறை விஷயம் கொஞ்சம். சேர்றதுக்கு முன்னாடி போலீஸ் சரிபார்ப்புக் கேட்பாங்க, தப்பா நினைக்காதீங்க, பிள்ளைகள் இருக்கிற இடம். போட்டோ எடுக்காதீங்க, குரூப் போட்டோகூட வேண்டாம். ஊர்ல மாட்டிக்கிட்டிருக்கற சொந்தக்காரங்களுக்கு ஆபத்து வரலாம்.

அப்புறம், ஏதோ ஒரு வாரம் ஒரு பிள்ளை வராது. கனடா, ஆஸ்திரேலியான்னு மீள்குடியேற்றம் கிடைச்சுக் குடும்பத்தோட கிளம்பியிருக்கும். நல்ல சேதிதான். இங்கேயே காத்துக் கிடக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல சேதியா இருக்காது. அந்த வாரம் ஒருத்தனும் ஒழுங்கா ஆட மாட்டான், ஸ்ட்ரைக்கர் சுவத்துல பறக்கும். திட்டாதீங்க, பொறுக்கி எடுத்துக் கொடுங்க.

கேரம் பவுடர் தீர்ந்துபோச்சு. வர்றப்போ ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க.