பழைய விளையாட்டுகளுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவிலில் ஒரு பழைய பென்டியம் 3 கணினி கிடைத்தது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு, 256 எம்பி ரேம். விண்டோஸ் 98 போட்டு, 1997-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ கார் பந்தயம் மாதிரியான விளையாட்டுகளை அண்ணன் மகனோடு விளையாட ரொம்ப ஆசை.

குழப்பம் கார்டில்தான். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் கார்டுகளுக்கென்றே உருவாக்கிய கிராபிக்ஸ் முறையான கிளைடில் ஓட்ட, அவர்களுடைய வூடூ 3 மாதிரி ஒரு கார்டு வேண்டும். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440 கார்டு, விண்டோஸின் பொதுவான கிராபிக்ஸ் முறையான டைரக்ட்3டி விளையாட்டுகளை வேகமாக ஓட்டும், ஆனால் அதில் கிளைட் கிடையாது. எனக்கு வூடூ பக்கம்தான் மனசு சாய்கிறது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

அப்புறம், வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் போர்டு அரிக்காமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பழைய ஏஜிபி (அந்தக் கால கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்) கார்டு கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.