நிம்ஸ் ஐலண்ட்: ஏழு வயதுப் பெண்ணுக்குக் காட்டலாமா?

கேள்வி: என் மகள் பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறிவிடுவாள். 2008இல் வந்த இந்தப் படத்தைக் காட்டினால் இரவில் தூங்குவாளா? அந்தத் தீவு நிஜமானதுதானா?

பதில் 1: கதையில் அது தென் பசிபிக் தீவு. படம் பிடித்ததோ ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஹின்சின்புரூக் தீவிலும் கோல்ட் கோஸ்ட்டிலும்.

பதில் 2: பல்லிக்குப் பயந்தால் கஷ்டம்தான், கதாநாயகியான சிறுமி நிம்மின் தோழர்களில் ஒன்று ஓணான் வகை! ஆனால் என் மகன் அழுதது தொடக்கத்தில். தாயைத் திமிங்கலம் விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு அப்பா புயலில் சிக்கித் திரும்பாமல் இருக்கிறார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எனக்குப் பிடித்தது நடிகை ஜோடி ஃபாஸ்டரின் வேடம். வீட்டு வாசலைத் தாண்டவே நடுங்கும் சாகசக் கதை எழுத்தாளர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அந்தத் தீவுக்குக் கிளம்புகிறார். நானும் வெளியே போக மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பவள்.

பதில் 3: ஜெரார்ட் பட்லருக்கு இரட்டை வேடம்: அப்பாவும் அவரே, எழுத்தாளரின் கற்பனை வீரனும் அவரே. குழந்தை குழம்பினால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: பார்த்தோம். திமிங்கலத்துக்கு அழவில்லை. ஓணானுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம்!