பீடிஎஃப் ஆவணத்தில் இட்ட டிஜிட்டல் கையொப்பம் ஏன் நம்பப்படுவதில்லை?

ஹட்டன் கணக்காளர்:
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் விலைப்பட்டியல்களில் நான் இடும் டிஜிட்டல் கையொப்பம் என் கணினியில் சரியாகத் தெரிந்தாலும், கொழும்பிலுள்ள கொள்வனவாளர் அடோபி ரீடரில் திறக்கும்போது அதன் செல்லுபடித்தன்மை தெரியவில்லை என்றே காட்டுகிறது. ஒப்பமிடுபவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழை நானே உருவாக்கினேன். பிழை எங்கே?

பண்டாரவளை வாசகர்:
கையொப்பத்தில் பிழை இல்லை, ஐயா. ஆவணம் பின்னர் மாற்றப்படவில்லை என்பதை மென்பொருள் கணக்கிட்டு அறிந்துகொள்கிறது. ஆனால் ஒப்பமிட்டவர் தாங்கள்தான் என்று உறுதிகூற, அது ஏற்கும் மூன்றாம் தரப்பு எதுவும் இல்லை. அடோபியின் அங்கீகரிக்கப்பட்ட நம்பிக்கைப் பட்டியலில் இடம்பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினால் எல்லாக் கணினிகளிலும் இது தீரும். கொள்வனவாளர் ஒருவரே எனில், தங்கள் சான்றிதழை அவர் தமது நம்பகமான சான்றிதழ்களில் சேர்த்தாலே போதும். அதற்கு முன் சான்றிதழின் கைரேகை எண்ணை, அதாவது அதை அடையாளங்காட்டும் எண்ணெழுத்துத் தொடரை, தொலைபேசியில் வாசித்து ஒப்பிடுங்கள். மின்னஞ்சலில் வந்ததை அப்படியே நம்புவது, கடிதம் உண்மையா என்று அதைக் கொண்டுவந்தவனிடமே கேட்பது போன்றது.

நுவரெலியா சட்ட மாணவி:
மென்பொருளின் நம்பிக்கை வேறு, சட்டத்தின் ஏற்பு வேறு. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய கையொப்பங்களுக்கு இடமளிக்கிறது; எனினும் மரண சாசனம், காணி விற்பனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. விலைப்பட்டியலுக்கு அந்தத் தடை இல்லை.

பண்டாரவளை வாசகர்:
ஒப்பமிட்ட நேரத்தை மூன்றாம் தரப்பு உறுதிசெய்யும் நேரமுத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் சான்றிதழ் காலாவதியான பின், அது செல்லுபடியாக இருந்தபோதே ஒப்பமிட்டீர்கள் என்பதை நிறுவுவது கடினம்.

ஹட்டன் கணக்காளர்:
எண்ணை ஒப்பிட்டுச் சேர்த்தோம், எச்சரிக்கை மறைந்துவிட்டது. நன்றி.