சார்ஜர் சொருகினால் அடாப்டர் விளக்கு அணைகிறது, லேப்டாப் ஆன் ஆகவே இல்லை

கேள்வி

வணக்கம். 5 வருஷமான 15.6 இன்ச் லேப்டாப். நேத்து ராத்திரி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணினது, காலைல பவர் பட்டனை அழுத்தினா எந்த அசைவும் இல்ல. ஃபேன் சத்தம், கேப்ஸ் லாக் விளக்கு, சார்ஜிங் விளக்கு எதுவும் கிடையாது. அடாப்டர் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், 65 வாட். சுவர் ப்ளக்குல போட்டா அடாப்டர் மேல இருக்கிற விளக்கு எரியுது, லேப்டாப்புல சொருகின உடனே அணைஞ்சிடுது. பேட்டரி உள்ளேயே இருக்கிற வகை. சார்ஜரைக் கழட்டிட்டு 30 செகண்ட் பட்டனை அழுத்திப் பிடிச்சும் பாத்தாச்சு. புது சார்ஜர் வாங்கினா சரியாகுமா, இல்ல போர்டு போயிடுச்சா? மல்டிமீட்டர் இருக்கு, பின்மூடி கழட்டத் தெரியும். உள்ளே இருக்கிற ஃபைல்கள் கட்டாயம் வேணும்.

பதில் 1

சார்ஜர் இப்ப வாங்காதீங்க. சொருகினதும் விளக்கு அணையுதுன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியமான தடயம். லேப்டாப் பக்கம் ஷார்ட் இருந்தா, அதாவது ப்ளஸும் மைனஸும் நேரா ஒட்டிக்கிட்டா, அடாப்டர் தன்னைக் காப்பாத்திக்க அவுட்புட்டை நிறுத்திடும். அப்படி நின்ன அடாப்டர்கள்ல சிலது சுவர்லேர்ந்து எடுத்து ஒரு நிமிஷம் விட்டாத்தான் திரும்ப வேலை செய்யும். அது தெரியாம உடனே அளந்தா 0 காட்டும், நல்ல அடாப்டரைத் தூக்கிப் போட்டுடுவீங்க.

முதல்ல அடாப்டரைத் தனியா அளங்க. மீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சுல வைங்க. கறுப்பு முனை, லேப்டாப்புல சொருகற பக்கத்து ப்ளக்கோட வெளி உலோகத்துல, சிவப்பு முனை உள்சுவர்ல. 19லேர்ந்து 20க்குள்ள வரணும். ப்ளக் நடுவுல ஊசி மாதிரி மெல்லிசா ஒரு பின் இருந்தா அதுல முனை படாம பாத்துக்குங்க. டெல், எச்பி அடாப்டர்கள்ல அது எத்தனை வாட்னு லேப்டாப்புக்குத் தெரிவிக்கிற பின். உள்சுவரோட அதைச் சேத்துட்டா அந்தப் பகுதி கெட்டுப் போகலாம். டெல் மெஷின்ல அந்தத் தகவல் வராமப் போனா லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறாது. உங்க கோளாறு அது இல்ல.

அடுத்து பின்மூடி. அளவு 0 நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு தாள்ல வரைஞ்சு அங்கங்கே குத்தி வைங்க, நீளம் மாறினா கீபோர்டு பக்கம் முட்டும். பழைய ஏடிஎம் கார்டால விளிம்பை நெம்புங்க. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுக்கறது. வயரைப் பிடிச்சு இழுக்காம, கனெக்டரோட ரெண்டு காதையும் நகத்தால மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. பேட்டரி உப்பியிருந்தா அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், வேலையை அங்கயே நிறுத்திடுங்க.

இப்ப ரெண்டு சோதனை. பேட்டரி இல்லாம அடாப்டரைச் சொருகிப் பாருங்க. விளக்கு நின்னு எரிஞ்சா சந்தேகம் பேட்டரி மேலயும் சார்ஜ் ஏத்தற பகுதி மேலயும். அப்பவும் அணைஞ்சா, டிசி ஜாக்லேர்ந்து (சார்ஜர் சொருகற ஓட்டை) போர்டுக்கு வர்ற கேபிளையும் போர்டு முனையில கழட்டிட்டுத் திரும்பச் சொருகுங்க. அதுக்கும் அணைஞ்சா கோளாறு ஜாக்ல, இல்லன்னா கேபிள்லதான், சின்னச் செலவுல முடிஞ்சிடும். எரிஞ்சா ஷார்ட் போர்டுல.

கேள்வி கேட்டவர்

அடாப்டர் 19.6 வோல்ட். பேட்டரி எடுத்தும் அணையுது. ஜாக் கேபிளைப் போர்டுலேர்ந்து எடுத்தா விளக்கு நின்னு எரியுது. அடாப்டரைக் கழட்டிட்டு போர்டு கனெக்டர்ல ப்ளஸ் பின்னுக்கும் ஸ்க்ரூ ஓட்டை வளையத்துக்கும் வச்சா மீட்டர் பீப் அடிக்குது, 0.9 ஓம். சர்வீஸ் சென்டர்ல போர்டையே மாத்தணும்னு சொல்றாங்க.

பதில் 2

போர்டு மாற்றுவது கடைசி வழி. இந்த அளவை வைத்துப் பார்த்தால் அதற்கு அவசியம் வராமல் போகவே வாய்ப்பு அதிகம்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். வயரின் தடை மட்டும் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அதைக் கழித்த மிச்சம்தான் உண்மையான அளவு. நல்ல போர்டில் அந்த இடத்தில் பல்லாயிரம் ஓம் இருக்கும். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப எண் ஏறிக்கொண்டே போவதையும் பார்க்கலாம்.

கனெக்டரில் நுழையும் 19 வோல்ட், பெரும்பாலான போர்டுகளில் அடுத்தடுத்து இரண்டு மாஸ்ஃபெட்களைத் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் பாகங்கள்) தாண்டித்தான், போர்டு முழுவதற்கும் மின்சாரம் தரும் மெயின் லைனுக்குப் போகும். எட்டுக் கால் கொண்ட கறுப்புச் சதுரங்கள் அவை. அவற்றை அடுத்து மேலே R010 அல்லது R005 என்று அச்சிட்ட, மற்றவற்றைவிடப் பெரிய ரெசிஸ்டர் ஒன்று தெரியும். கரண்ட் அளக்க வைத்தது அது, முதலாவது 0.01 ஓம், மற்றது 0.005 ஓம். அதன் ஏதாவது ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் (நீங்கள் தொட்ட ஸ்க்ரூ ஓட்டை வளையம்தான்) அளவு எடுங்கள்.

அங்கே ஆயிரக்கணக்கில் ஓம் காட்டினால் நல்ல செய்தி. ஷார்ட் கனெக்டருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் இடையே சிக்கியிருக்கிறது. அங்கே இருப்பவை நாலைந்து சிறு செராமிக் கெபாசிட்டர்களும், சில போர்டுகளில் ஒரு பாதுகாப்பு டையோடும்தான். அங்கேயும் 1 ஓம் அளவில் வந்தால் மெயின் லைன் ஷார்ட், மாஸ்ஃபெட்களும் சேர்ந்து போயிருக்கின்றன. மாஸ்ஃபெட்கள் நல்ல நிலையில் இருந்தால் மெயின் லைன் ஷார்ட் கனெக்டரில் பீப்பாகத் தெரியாது. பலர் கனெக்டரில் மட்டும் பார்த்து ஷார்ட் இல்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான்.

இரண்டிலும் முதல் சந்தேகம் பழுப்பு நிறச் செராமிக் கெபாசிட்டர் மேல்தான். உள்ளே தாள் அடுக்கியது போன்ற படலங்கள். போர்டு வளைந்தாலோ அடி பட்டாலோ மயிரிழை விரிசல் விழுந்து எதிரெதிர்ப் படலங்கள் ஒட்டிக்கொள்ளும். வெளியே கரிந்த தடம் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாம் இணையாக இருப்பதால் எதை அளந்தாலும் அதே 0.9 ஓம்தான் வரும், மீட்டரால் ஆளைப் பிடிக்க முடியாது.

அதற்கு வோல்ட்டையும் கரண்ட்டையும் நாமே அமைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை வேண்டும். 1 வோல்ட்டில் நிறுத்தி, கரண்ட் எல்லையை 1 ஆம்பியரில் தொடங்கி, ஷார்ட் ஆன லைனுக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள். சந்தேகப்படும் இடத்தில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினால், கெட்ட பாகம் சூடாவதால் அதன் மேல் ஈரம் வட்டமாக முதலில் உலரும். உலரவில்லை என்றால் 2, 3 ஆம்பியர் வரை ஏற்றுங்கள், வோல்ட்டை ஏற்றாதீர்கள்.

1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மெயின் லைனில் இருந்து ப்ராசசருக்குப் போகும் வழியில் உள்ள மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், நீங்கள் கொடுக்கும் வோல்ட் நேராக ப்ராசசருக்குள் போகும். ஆகவே மெயின் லைன் ஷார்ட் என்றால் சப்ளை கொடுக்கும் முன்பே, மெயின் லைனுக்கும் ப்ராசசர் அருகே உள்ள காயில்களுக்கும் இடையே அளந்துவிடுங்கள். அங்கே பீப் வந்தால் கெட்டது கெபாசிட்டர் அல்ல, மாஸ்ஃபெட். காயிலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓரிரு ஓம் வருவது மட்டும் இயல்பு, ப்ராசசரின் தடையே அவ்வளவுதான். அதை ஷார்ட் என்று நினைத்து ப்ராசசர் போய்விட்டதாகச் சொல்லும் கடைகள் உண்டு.

பெஞ்ச் சப்ளையும், சூடான காற்றால் பாகங்களைக் கழற்றும் ஹாட் ஏர் கருவியும் இல்லாமல் இதை வீட்டில் முயல வேண்டாம். சிப் லெவல் வேலை (போர்டில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது) செய்யும் கடையில் கொடுங்கள், சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் பகுதியில் அப்படிக் கடைகள் நிறைய. 'இன்புட் லைன் கிரவுண்டோடு ஷார்ட், 0.9 ஓம்' என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பதில் 3

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க ஃபைல்கள் இருக்கிற எஸ்எஸ்டியைக் கழட்டி வீட்ல வச்சிடுங்க. ஷார்ட் தேட அது தேவையே இல்ல. சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2 வகைன்னா ஒரே ஸ்க்ரூ. அதை இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்ட யூஎஸ்பி பெட்டி வாங்கும்போது எஸ்எஸ்டியோட முனையைப் பாருங்க. ஒரு வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல உறுதி பண்ணிக்குங்க, ரெண்டுக்கும் பெட்டி பெரும்பாலும் வேற.

இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டினதும் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடற பூட்டு) 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டா பதறாதீங்க. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு பாருங்க, பெரும்பாலும் அங்கயே பதிவாகியிருக்கும். போர்டை மாத்தினாலும் இதே கீயைக் கேக்கும், ஏன்னா பூட்டு பழைய போர்டுல இருக்கிற டிபிஎம்ங்கிற பாதுகாப்புப் பகுதியோட கட்டினது. அதனால இன்னைக்கே மொபைல்ல நுழைஞ்சு அந்த எண்ணைத் தாள்ல எழுதி வைங்க.

கேள்வி கேட்டவர்

R010 ரெசிஸ்டர்ல 180 கிலோ ஓம் வருது. அப்ப ஷார்ட் இன்புட் பக்கம் மட்டும்தானே? கெபாசிட்டரை எடுத்துட்டா அப்படியே ஓட்டலாமா?

பதில் 2

ஆம், இன்புட் பக்கம் மட்டும்தான். கெட்டதை எடுத்ததும் கனெக்டரில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள், பீப் போயிருக்க வேண்டும். சோதனைக்கு அது இல்லாமல் ஆன் செய்யலாம். நிரந்தரமாக விட வேண்டாம், ப்ளக் சொருகும்போது எழும் வோல்ட் துள்ளலை விழுங்குவது அந்தக் கெபாசிட்டர்கள்தான். அதே அளவு மைக்ரோஃபாரட், 25 வோல்ட்டுக்குக் குறையாதது போடச் சொல்லுங்கள். முதல் மாஸ்ஃபெட்டின் கேட், சோர்ஸ் என்ற இரு முனைகளுக்கு இடையே ஷார்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடட்டும்.

முதல் முறை பெஞ்ச் சப்ளையில் 19 வோல்ட், 1 ஆம்பியர் எல்லையோடு ஆன் செய்வது பாதுகாப்பு. பட்டனைத் தொடாதபோது 0.02, 0.03 ஆம்பியர் அளவில் நின்று, அழுத்தியதும் ஏறி இறங்கினால் போர்டு எழுந்துவிட்டது. பேட்டரி கனெக்டர் நீண்ட நேரம் விலகியிருந்ததால் முதல் முறை ரேமைப் புதிதாகச் சரிபார்க்கும். திரை ஒன்றிரண்டு நிமிடம் இருட்டாகவே இருக்கலாம், அந்த நேரத்தில் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.