எங்கட வீட்டு ஆக்கள்: ஸ்கூட்டிக்கு இழுவை இல்லையாம்

செல்லம்: ஆருக்காவது ஸ்கூட்டி வேலை தெரிஞ்சா சொல்லுங்கோ. அம்மாட பழைய காபரேட்டர் (காத்தும் பெற்றோலும் கலக்கிற சாமான்) ஸ்கூட்டி திருகாம ஐட்லில விட்டா நல்லா நிக்குது, ஆனா அக்சிலேட்டர திருகினா உடன போகுதில்ல, கொஞ்சம் திணறி நிண்டு பேந்து டக்கெண்டு பாயுது. சந்தியில பின்னுக்கு வாற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்றான்

பெரியம்மா: வெள்ளிக்கிழமை என்னையும் ஏத்திக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனவள். கோட்டைக்குள்ள ஏத்தத்தில வண்டி ஏலாம நான் இறங்கி நடந்தன். மானெல்லாம் நிண்டு பாக்குது 😂

கண்ணன் அண்ணா: காபரேட்டர் முடிஞ்சுது. புதுசு போடு

செல்லம்: கராஜ்லயும் அதத்தான் சொன்னவங்க. ஐட்ல கூட்டி விட்டு இப்ப ஓடிப் பாருங்கோ எண்டாங்க, உப்புவெளி தாண்ட முன்னமே பழையபடி

சின்ன மாமா: ஐட்ல கூட்டினா வருத்தம் மறையும், மாறாது. ஒண்டும் வாங்காத. முதல் எஞ்சின் பிந்துதா வண்டி பிந்துதா எண்டு பார். நடு ஸ்டாண்டில போட்டு டக்கெண்டு திருகு, பின் சில்லு சுத்தும், சோல் கீல் கிட்ட கொண்டு போகாத. சத்தம் உடன ஏறுது ஆனா றோட்டில இழுக்குதில்ல எண்டா அது சில்லுக்கு இழுவை கொண்டு போற பெல்ட், ரோலர், கிளச், இல்லாட்டி பின் பிரேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதுக்குப் போய் காபரேட்டர் மாத்தினா காசுதான் போகும். சத்தமே பிந்தி ஏறினாத்தான் காத்து பெற்றோல் பிரச்சினை

செல்லம்: போட்டுப் பாத்தன் மாமா. சத்தமே பிந்தித்தான் ஏறுது. போவ்வ்வ் எண்டு அமந்து பேந்து கத்துது

சின்ன மாமா: சரி, இனி எஞ்சின் சூடானாப் பிறகு சோக்க (பெற்றோல் கூடப் போக வைக்கிற பிடி) பாதி இழுத்து வச்சுத் திருகிப் பார்

செல்லம்: ஐயோ நல்லா ஏறுது!! அப்ப சோக் போட்டே ஓடலாமா

சின்ன மாமா: விசரா 😅 பெற்றோல் தின்னும், பிளக்கும் கருகும். சோக் போட்டா சரியாகுதெண்டா பெற்றோல் காணாமப் போகுது, இல்லாட்டி எங்கயோ களவாக் காத்து உள்ள போகுது. பிளக்க கழட்டிப் பார், என்ன நிறம்

செல்லம்: வெள்ளையா கிடக்கு

சின்ன மாமா: அதேதான். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில இருக்கிற றப்பர மடிச்சுப் பார் வெடிச்சிருக்கோ எண்டு. வண்டி கனநாள் சும்மா நிண்டதோ?

செல்லம்: நான் கொழும்பில படிக்கேக்க அம்மா தொடவே இல்ல. றப்பர் நல்லாத்தான் இருக்கு

சின்ன மாமா: அப்ப காபரேட்டருக்குள்ள பெற்றோல் வாற சின்னத் துவாரம், சிலோ ஜெட், பாதி அடைபட்டிருக்கும். பெற்றோல் கனநாள் நிண்டா பிசின் மாதிரிப் படியும், அந்த ஜெட் ஓட்டை மயிர் மொத்தம்தான். ஐட்லில இருந்து எழும்புற நேரம் அதாலதான் பெற்றோல் வரவேணும். காபரேட்டருக்குக் கீழ பெற்றோல் நிக்கிற கப்பில, இறக்கி விடுற ட்ரெயின் ஸ்குரூ இருக்கு, எஞ்சின் ஆறினாப் பிறகு ஒரு போத்தலுக்குள்ள இறக்கிப் பார். அடுப்புப் பக்கம் வேண்டாம்

செல்லம்: மஞ்சளா வருது, அடியில தூள் வேற 🤢

கண்ணன் அண்ணா: ஜெட்ட ஊசியால குத்தி விடு, முடிஞ்சுது

சின்ன மாமா: டேய் பேசாம இரு. கம்பி ஊசி போட்டா ஓட்டை பெருத்திடும், பேந்து ஒருநாளும் ரியூன் பிடிக்காது. காபரேட்டர் கிளீனர் அடிச்சு காத்து அடிக்கிறதுதான். மேல் மூடி கழட்டினா அதுக்குள்ள மெல்லிய றப்பர் டயபிரம் இருக்கும், அதில கிளீனர் படக்கூடாது, ஊதி வீங்கிடும். அது கிழிஞ்சா எவ்வளவு திருகினாலும் காத்து வழிய திறக்கிற ஸ்லைட் மேல எழும்பாது, அப்பவும் இழுவை இல்லைதான். நாளைக்கு பாலையூற்றுக்குக் கொண்டுவா, நான் கழட்டுறன்

செல்லம்: எயார் பில்டர கழுவி வைக்கட்டா? கடற்கரை மண் பிடிச்சு கிடக்கு

சின்ன மாமா: பேப்பர் பில்டர் கழுவேலாது, புதுசு வாங்கு. வரேக்க பெற்றோல் லைனுக்கு ஒரு சின்ன பில்டரும் எடுத்து வா, டாங்கிக்குள்ள துரு இருந்தா திரும்ப அடைக்கும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு கராஜ்காரன் கூட்டின ஐட்ல நான் குறைச்சு விடுறன்

பெரியம்மா: தம்பி இவள் அந்த மஞ்சள் பெற்றோல் போத்தல குசினி யன்னலில வச்சிருக்கிறாள்

சின்ன மாமா: அக்கா அத உடன எடுத்து வெளியில வையுங்கோ. கிணத்தடியில ஊத்திப்போடாதீங்கோ