ஆட்டுச் சுரப்பி, மீன் சாம்பல், ட்ரிட்டியம்: அணு உலை வெளியீட்டை அருகிலிருந்து கண்டவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு: மாதிரி சேகரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், கல்பாக்கம்

அணு உலையின் வெளியீட்டை, அதாவது அது காற்றிலும் நீரிலும் விடும் கதிரியக்கத்தைக் கண்காணிக்கும் வேலை கறிக்கடை வாசலில் தொடங்கும் என்று பணியில் சேர்ந்தபோது நான் நினைத்ததே இல்லை. ஆடு அறுக்கும் நாளில் விடியற்காலையில் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், ஆட்டின் தைராய்டு சுரப்பியைக் கேட்டு வாங்கிவர வேண்டும். புதுப்பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர், "இதுல என்ன மருந்து சார் செய்றீங்க?" என்று பல மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில் தன் மூட்டுவலிக்கும் கொஞ்சம் கொடுக்கும்படி கேட்டார்.

நாள் முழுவதும் வெளியில் மேயும் ஆடு, புல்லில் படிந்த கதிரியக்க அயோடின்-131 எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அதைத் தன் சுரப்பியில் சேர்த்துவைத்துவிடுகிறது. ஆகவே காற்றுக் கருவிக்குச் சிக்காத அளவுகூடச் சுரப்பியில் தெரிய வாய்ப்புண்டு. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் சுரப்பியில் அது தென்பட்டால், அண்மையில்தான் எங்கிருந்தோ வெளிவந்திருக்கிறது என்று பொருள். உலைக்குள் எரிபொருள் கற்றை ஒன்றின் உறை பழுதாகியிருக்கிறதா என்று உடனே கேட்க வேண்டியிருக்கும். எங்களுடையதைப் போல, கனநீரில் (டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) இயங்கும் உலைகளில் உலையை நிறுத்தாமலேயே அந்தக் கற்றையை வெளியே எடுத்துவிட முடியும் என்பது பெரிய வசதி.

ஆனால் எங்களை அதிகம் வேலை வாங்கியது அயோடின் அல்ல, ஆர்கான்-41. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு ஆர்கான் வாயுதான். இங்குள்ள இரண்டு கனநீர் உலைகளிலும் உலைக்கலத்தைச் சுற்றிய அறையில் காற்று இருப்பதால், அந்தக் காற்றிலுள்ள ஆர்கான் நியூட்ரானை ஏற்றுக் கதிரியக்கம் பெற்றுப் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. மந்த வாயு என்பதால் வடிகட்டியில் அது பிடிபடாது. ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும் என்பது ஓர் ஆறுதல்; அதற்குள் காற்று அதை எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் கேள்வி. பின்னால் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் தொடங்கிக் கட்டிய உலைகளில் அந்த அறையை நீரால் நிரப்பிவிட்டார்கள், இந்தத் தொல்லையின் பெரும்பகுதி அங்கே ஒழிந்தது. என்னைக் கேட்டால், வெளியீட்டுக் கட்டுப்பாட்டில் மிகச் சிறந்தது இப்படி வரைபடத்திலேயே செய்துமுடிப்பதுதான்.

கல்பாக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது, கடல்மேல் வந்த குளிர்ந்த காற்றுக்கும் சூடான தரைக்கும் இடையே கலங்கல் மிகுந்த ஒரு படலம் உருவாகிறது. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயு அந்தப் படலத்தில் அகப்பட்டால் சட்டென்று தரைக்கு இறங்கிவிடும். ஆகவே வானிலைக் கோபுரத்தின் அளவீடு இல்லாமல் புகைபோக்கியின் அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. பொதுமக்களில் ஒருவருக்கு வளாகத்தின் எல்லா நிலையங்களிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பதே அதன் வரம்பு. அந்த ஒன்றை வளாகத்திலுள்ள நிலையங்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றின் பங்கையும் காற்றுவழி, நீர்வழி என்று மறுபடியும் பிரிப்பார்கள். இயற்கையாகவே உலகச் சராசரியில் ஒருவர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். போதாக்குறைக்கு எங்கள் கடற்கரை மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் கனிமம் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. ஒரு தென்னையில் கட்டிய, கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி அட்டை ஒரு கணக்கும், சற்றுத் தள்ளி இன்னொரு தென்னையில் கட்டியது வேறொரு கணக்கும் காட்டும். உலை இயங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைத்து மணல், பால், நெல், கடல்நீர் என்று அளந்து வைத்திராவிட்டால், எது உலையின் பங்கு, எது மண்ணின் பங்கு என்று பிரிக்க வழியே இருந்திருக்காது.

இரண்டாம் பகிர்வு: மீனவர் மகள், சதுரங்கப்பட்டினம் பக்கம்

மேலே எழுதிய ஐயாவைப் போன்ற ஒருவரை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவிடம் மீன் வாங்க வந்தவர் விலை பேசவே இல்லை. மாறாக எங்கே வலை போட்டீர்கள், எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இவருக்கு மீன்மேல் ஆசையே இல்லை போலிருக்கிறது என்று அம்மா சிரித்தார்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் வீட்டுக்குள்ளும் கடல் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களைத் தேடி முடித்த பிறகு ஊரில் எழுந்த அடுத்த கேள்வி உலையைப் பற்றியதுதான். கடல்நீர் இறைக்கும் கூடத்துக்குள் அலை புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள், முதல் உலை ஏற்கெனவே நிறுத்தத்தில் இருந்தது, கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உலையின் கழிவுநீரை, நிலையத்தைக் குளிர்விக்கப் பயன்படும் கடல்நீரோடு கலந்துதான் கடலில் விடுகிறார்கள் என்கிறார்கள். உப்பு கூடிப்போன குழம்பில் தண்ணீர் ஊற்றினால் கரிப்புக் குறையும், போட்ட உப்பு குறையாதே. அப்பா கொடுத்த மீன் என்னவாயிற்று என்பதையும் சொன்னால் மகிழ்வேன்.

மூன்றாம் பகிர்வு: முன்னாள் ஒப்பந்தப் பணியாளர்

எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. கனநீர் கசிந்த ஓர் அறையில், காற்றுக்குழாய் இணைத்த பிளாஸ்டிக் உடை அணிந்து வேலை செய்தேன். நடுவில் குழாய் இணைப்பு நெகிழ்ந்துவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லாமலேயே வேலையை முடித்தேன். சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று பயம். மறுநாள் கொடுத்த சிறுநீர் மாதிரி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கனநீரிலுள்ள டியூட்டீரியம் நியூட்ரானை ஏற்று ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனாகிறது. அது நீராவியாகவே மூச்சிலும் தோலிலும் நுழைகிறது. அதன் கதிர் தோலைக்கூடத் துளைக்காது என்பதால் மார்பில் குத்திய, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜில் ஒன்றும் தெரியாது, சிறுநீரில்தான் தெரியும். உலைப் பகுதிக்குள் போக வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். உடலிலுள்ள ட்ரிட்டியம் பத்து நாள் அளவில் பாதியாகிறது, நீர் அதிகம் குடித்தால் இன்னும் விரைவாக வெளியேறும். வரம்பைத் தாண்டவில்லை என்று பிறகு சொன்னார்கள். தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பதை அன்றுதான் முதன்முதலாக எனக்கு யாரோ விளக்கினார்கள்; சேர்ந்த அன்றே விளக்கியிருக்கலாம்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். அறைக் காற்றிலுள்ள ஈரத்தை உலர்த்திகளால் உறிஞ்சிக் கனநீரைத் திரும்ப எடுப்பதில் எல்லோரும் மிகுந்த அக்கறை காட்டினார்கள். கனநீர் விலை உயர்ந்த சரக்கு. புகைபோக்கி வழியாகப் போகும் ட்ரிட்டியத்தைக் குறைத்ததில் விதிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த விலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

முதல் பகிர்வை எழுதியவரின் மறுமொழி

தங்கை கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் வரம்பு இரண்டு விதமாக இருக்கிறது: கலந்த நீரில் செறிவு எவ்வளவு இருக்கலாம் என்பது ஒன்று, மொத்தமாக எவ்வளவு வெளியே விடலாம் என்பது மற்றொன்று. தண்ணீர் ஊற்றி முதலாவதை ஏமாற்றலாம், இரண்டாவதை ஏமாற்ற முடியாது. ஃபுகுஷிமாவில் 2023 ஆகஸ்டில் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியபோதும் ட்ரிட்டியத்துக்கு லிட்டருக்கு 1,500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்றும், ஆண்டுக்கு மொத்தம் 22 லட்சம் கோடி பெக்கரல் என்றும் இரண்டையும் சேர்த்தே விதித்தார்கள்.

அளப்பவர் உலையை நடத்துபவரின் ஆளா என்று சிலர் கேட்பதும் நியாயமானதே. எங்கள் ஆய்வுக்கூடம் மின்நிலையத்தின் கீழ் இல்லை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. எனினும் இரண்டும் அணுசக்தித் துறையின் குடைக்குள்தான் இருக்கின்றன. ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தனிச்சட்டத்தின் வலு இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2012-இல் சுட்டிக்காட்டியபோது, எங்களில் பலர் முகம் சுளித்தோம். ஆனால் மறுத்துப் பேச எவரிடமும் ஒன்றும் இல்லை.

உங்கள் அப்பாவின் மீன் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். கழுவி, உலர்த்தி, நாங்கள் தேடும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆவியாகிவிடாதபடி சூட்டை அடக்கி எரித்தால், ஒரு கூடை மீன் ஒரு கைப்பிடிச் சாம்பலாகிவிடும். அதைக் கருவியில் வைத்து மணிக்கணக்கில் எண்ணுவோம். சீசியம்-137 தெரிந்தாலும் உடனே உலையைக் குற்றம் சொல்ல முடியாது. 1950-களிலும் 60-களிலும் வான்வெளியில் வெடித்த அணுகுண்டுகளின் மிச்சம் இன்னும் கடலில் இருக்கிறது, அது பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். அப்போது சீசியம்-134 இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு ஆண்டுகளில் பாதியாகிவிடும் அது, பழைய குண்டுத் தூசியில் இருக்காது. இருந்தால் ஏதோ ஓர் உலையிலிருந்து வந்தது.